துக்க வீட்டில் பாவக் கணக்கு: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் பதினொரு கடிதங்கள். அதில் நாலு, போன இதழில் நான் எழுதிய ஒரே ஒரு வரியைப் பற்றியவை. என் கணவர் இறந்தபின் ஏழு மாதம் நான் ஜெபிக்கவே இல்லை என்று எழுதியிருந்தேன். மூன்று பேர், ‘எனக்கும் அப்படித்தான்’ என்று ரகசியம் சொல்வதுபோல எழுதியிருக்கிறார்கள். நாலாவது கடிதம் திட்டு. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் நாள் கடத்தக் கூடாதவை.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பாளையங்கோட்டைக்காரி. மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் 34 வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். இறையியல் படித்ததில்லை. வேதத்தை நைட் டியூட்டி மேஜையில் வைத்து, மணி அடித்தால் மூடிவிட்டு ஓடி, வந்து மறுபடி திறந்து படித்தவள். அந்த அளவுக்குத்தான் இந்தப் பதில்களை எடுத்துக்கொள்ள வேண்டும்.

*

கேள்வி: என் இளைய மகன், 22 வயது, வேலைக்குப் பைக்கில் போனவன் லாரி மோதி இறந்து ஐந்து மாதம் ஆகிறது. ஜெபக்குழு அக்காமார் வந்து, ‘வீட்டில் அறிக்கையிடாத பாவம் ஏதும் இருக்கிறதா, தசமபாகம் சரியாகக் கொடுத்தீர்களா, யோசித்துப் பார்’ என்கிறார்கள். ராத்திரியெல்லாம் யோசிக்கிறேன். நான் என்ன பாவம் செய்தேன்?
– பெயர் வேண்டாம், உடன்குடி

பதில்: யோசிப்பதை இன்றோடு நிறுத்துங்கள், அம்மா. லாரி ஓட்டியவரிடம் கேட்க வேண்டியதை உங்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இது உங்கள் ஜெபக்குழு கண்டுபிடித்த கேள்வி இல்லை. பிறவிக் குருடன் ஒருவனைப் பார்த்ததும் இயேசுவின் சீஷர்களுக்கே இதுதான் வாயில் வந்தது: இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா? இரண்டும் இல்லை என்றார் இயேசு. யோவான் ஒன்பதாம் அதிகாரம். லூக்கா 13இல் அவரே ஒரு விபத்தை எடுத்துப் பேசுகிறார். சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் செத்திருக்கிறார்கள். எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் பெரிய குற்றவாளிகளா என்று கேட்டு, அப்படி இல்லை என்று அவரே பதிலும் சொல்லிவிடுகிறார். அடுத்த வரியில் மனந்திரும்பச் சொல்கிறாரே என்று உங்கள் அக்காமார் கேட்பார்கள். சொல்கிறார்தான். உயிரோடு எதிரே நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குச் சொல்கிறார். செத்துப்போன 18 பேரின் தாய்மாரிடம் போய்ச் சொல்லவில்லை.

வேதத்தில் யோபு, சொத்தும் பத்துப் பிள்ளைகளும் ஒரே நாளில் போனவன். அவனுக்கு ஆறுதல் சொல்ல வந்த சிநேகிதர்களைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. முதல் ஏழு நாள் அவர்கள் தங்கமானவர்கள். வந்தார்கள், அழுதார்கள், ஏழு பகலும் ஏழு ராத்திரியும் பேசாமல் தரையில் கூட உட்கார்ந்திருந்தார்கள். எட்டாம் நாள் எழுந்து ஊருக்குப் போயிருந்தால் நல்ல பெயரோடு போயிருப்பார்கள். உட்கார்ந்து விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள், கெட்டது. கடைசி அதிகாரத்தில் கர்த்தருக்குக் கோபம் வருவது யோபு மேல் இல்லை, இவர்கள் மேல்தான். கர்த்தரைக் கூண்டில் ஏற்றாத குறையாகக் கேள்வி கேட்ட யோபுதான் சரியாகப் பேசினான் என்கிறார்.

அதே அதிகாரத்தில் இன்னொன்றைப் பாருங்கள். 7,000 ஆடு இருந்தவனுக்கு 14,000 ஆடு கிடைக்கிறது. 3,000 ஒட்டகம் 6,000 ஆகிறது. ஏர்மாடும் கழுதையும் அப்படியே இரண்டு மடங்கு. பிள்ளைகள் மட்டும் முன்போலவே ஏழு ஆணும் மூன்று பெண்ணும். முதல் பத்துப் பேர் கர்த்தரிடம் உயிரோடு இருக்கிறார்கள், ஆகவே அதுவும் இரண்டு மடங்குதான் என்று பிரசங்கத்தில் விளக்குவார்கள். எனக்கு அந்த விளக்கம் பிடிக்கும். ஆனால் அடக்கம் முடிந்த வாரத்திலேயே யாராவது யோபுவின் மனைவியிடம் போய் அதைச் சொல்லியிருந்தால் அவள் வாரியலைக் கையில் எடுத்திருப்பாள், எடுத்தது நியாயமும்கூட.

என் கதையும் இதுதான். 2008இல் என் கணவர் பக்கவாதத்தில் விழுந்தார். பள்ளிக்கூட வாத்தியார். பேச்சு போய்விட்டது, வலது பக்கம் போய்விட்டது. முதுகில் புண் வரக் கூடாதென்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைப்பேன். ஒரு நாள் அப்படிப் புரட்டிவிட்டு நிமிரும்போது வெளியூர் ஜெப ஊழியர் ஒருவர் எண்ணெய்ப் புட்டியோடு வந்தார். ஜெபித்தார். பிறகு என்னைத் திண்ணைக்குக் கூப்பிட்டு, ‘இந்த வீட்டில் விசுவாசக் குறைவு இருக்கிறது, ஆராய்ந்து பாருங்கள்’ என்றார். நான் அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்! இன்றைக்கும் அந்தக் காப்பியை நினைத்தால் எனக்குப் பொறுக்காது.

அன்று ராத்திரி உட்கார்ந்து ஆராய்ந்தேன். 1978இல் ஒரு நைட் டியூட்டியில் கண் அசந்தது, மாமியாருக்குச் செய்யாமல் விட்டது, ஒரு நோயாளியிடம் எரிந்து விழுந்தது. விடியும்வரை பட்டியல் முடியவில்லை. யாருக்கும் முடியாது. ‘யோசித்துப் பார்’ என்று சொன்னால் யாரிடமும் ஏதாவது அகப்படும். சொன்னவர் பலித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு போய்விடுவார், நாம் கிடந்து தேய்வோம்.

அக்காமார் அடுத்த முறை வந்தால் உட்காரச் சொல்லி, பையனைப் பற்றிப் பேசுங்கள். சின்ன வயதில் என்ன சேட்டை செய்தான், எந்தக் குழம்புக்கு இரண்டு தரம் சோறு கேட்பான் என்று. கேட்க மனமிருப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மற்றவர்கள் தானாக எழுந்துபோவார்கள்.

அப்புறம், இதற்காகத்தான் உங்கள் கடிதத்தை முதலில் எடுத்தேன். விபத்து இழப்பீட்டுக்கு மனு போட்டாயிற்றா? 2022 ஏப்ரல் முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. உங்களுக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது. முதல் தகவல் அறிக்கை நகலை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு வக்கீலைப் பாருங்கள். வக்கீலுக்குக் கொடுக்க வழியில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணில் கேட்கலாம். மகன் போன பணம் நமக்கு எதற்கு என்று தோன்றும். அது அவன் உழைப்புக்குச் சேர வேண்டியது, வாங்குவதில் பாவம் ஒன்றுமில்லை.

*

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் டைலர். மூன்று மாதமாக ஆர்டர் இல்லை, வாரம் மூன்று ஷிப்ட்தான். கடன் 1,80,000 ரூபாய், பாதி வார வட்டி. டிவியில் ஒரு ஊழியர் 10,000 ரூபாய் ‘விதைப்புக் காணிக்கை’ அனுப்பினால் நூறு நாளில் கடன் கட்டு உடையும் என்கிறார். மனைவியின் செயினை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறேன். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.
– வாசகர், திருப்பூர்

பதில்: வைக்காதீங்க தம்பி. மனைவியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், செயினைப் பற்றியல்ல, கடனைப் பற்றி.

ராஜாக்கள் இரண்டாம் புத்தகம் நாலாம் அதிகாரத்தில் ஒரு விதவை தீர்க்கதரிசி எலிசாவிடம் வருகிறாள். புருஷன் பக்தியுள்ளவன், கடன் வைத்துவிட்டுச் செத்துப்போனான். கடன்காரன் இரண்டு பையன்களையும் அடிமையாகக் கொண்டுபோக வாசலில் நிற்கிறான். எலிசா அவளிடம் காணிக்கை கேட்கவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒரு குடம் எண்ணெய். அற்புதம் நடந்து பாத்திரமெல்லாம் நிரம்பியபின் அவர் சொன்னது: எண்ணெயை விற்றுக் கடனைத் தீர், மீதியில் நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள். தீர்க்கதரிசிக்கு இத்தனை சதவீதம் என்று அங்கே ஒரு வரியும் இல்லை.

அவர்கள் எப்போதும் ஏழை விதவையின் இரண்டு காசைக் காட்டுவார்கள். மாற்கு 12இல் அதற்குச் சற்று மேலே வாசியுங்கள். நீண்ட ஜெபம் பண்ணி விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை இயேசு கண்டித்து முடிக்கிறார். முடித்த கையோடு காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, தன் ஜீவனத்துக்கு இருந்ததையெல்லாம் ஒரு விதவை போட்டுவிட்டுப் போவதைப் பார்க்கிறார். அவர் அதை மெச்சினாரா, வயிறு எரிந்து சொன்னாரா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. எங்கள் சபைப் போதகர், ஐயர் என்போம், மெச்சினார் என்பார். ஐயருக்கு மரியாதை, ஆனால் என் சந்தேகம் போகவில்லை.

இனி காரியம். வார வட்டிக்காரர் தமிழ்நாட்டில் நினைத்த வட்டி வாங்க முடியாது. கந்துவட்டியைத் தடுக்க 2003இலேயே சட்டம் வந்துவிட்டது. மிரட்டல் இருந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுக்கலாம். யாரிடம் எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மனைவியை உட்கார வைத்து அவர் கையால் எழுதச் சொல்லுங்கள். பெண்கள் எழுதினால் கணக்கு விட்டுப்போகாது. ஜெபத்தை அந்த நோட்டை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேருமாகப் பண்ணுங்கள்.

*

கேள்வி: மனச்சோர்வுக்கு ஒன்றரை வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறேன். கொஞ்சம் தேறியிருக்கிறேன். ‘மாத்திரையை விட்டால்தான் சாட்சி சொல்ல முடியும், ஆவியானவரைவிட மாத்திரை பெரிதா’ என்று உபவாசக் கூட்டத்தில் கேட்கிறார்கள்.
– கல்லூரி விரிவுரையாளர், ஆவடி

பதில்: விடக் கூடாது மகளே. இந்த மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பும் மனசும் என்ன பாடு படும் என்று வார்டில் பார்த்திருக்கிறேன். குறைப்பதானால் டாக்டர் சொல்லி, படிப்படியாக.

தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறான். அவனுக்கு வந்தது பிரசங்கம் இல்லை. தூக்கம், தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறான், தேவதூதன் திட்டவில்லை. இரண்டாம் தரமும் எழுப்பி, சாப்பிடு, நீ போக வேண்டிய தூரம் அதிகம் என்கிறான். மெல்லிய சத்தம், கேள்வி, கட்டளை எல்லாம் நாற்பது நாள் கழித்து, ஓரேப் மலையில்தான்.

பவுலுக்கு இல்லாத விசுவாசமா? துரோப்பீமுவை வியாதிக்காரனாக மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று சாதாரணமாக எழுதுகிறார். தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சொல்கிறார். கூடவே அலைந்த லூக்கா வைத்தியன். தேறியிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, கூட்டத்தில் அதையே சாட்சியாகச் சொல்லுங்கள், மாத்திரையின் பெயரையும் சேர்த்து. ராத்திரி நேரத்தில் மனசு கட்டுக்கு அடங்கவில்லை என்றால் 14416. அரசாங்கத்தின் மனநல உதவி எண், காசில்லை, தமிழில் பேசலாம்.

*

கேள்வி: துக்க வீட்டுக்குப் போனால் என்ன சொல்வது? ‘கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்’ என்று சொல்லலாமா?
– வாசகி, நாசரேத்

பதில்: அது யோபு சொன்னது, தன் பிள்ளைகளைப் பற்றி. இழந்தவர் வாயிலிருந்து வந்தால் ஆமென் சொல்லுங்கள். நீங்களாகப் போய்ச் சொல்லாதீர்கள். ஒரு தூக்குச்சட்டியில் கஞ்சியும் துவையலும் கொண்டுபோங்கள். தூக்குச்சட்டியைத் திரும்ப வாங்க நாலு நாள் கழித்து இன்னொரு தரம் போக வேண்டியிருக்கும், அந்த இரண்டாவது போக்குதான் அவர்களுக்கு வேண்டியது.

*

கேள்வி: 2017 ஒக்கிப் புயலில் அப்பா திரும்பி வரவில்லை. அப்போது எனக்கு 13 வயது. போட்டும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் ஊரே கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி கொளுத்தும்போது எங்களுக்குப் போய் நிற்க ஒரு இடம் இல்லை. அம்மா இன்னும் இறந்தவர்களுக்கான பூசைக்கு அப்பா பெயரைக் கொடுக்க விடவில்லை, ‘வந்துவிடுவார்’ என்கிறார். நான் நம்புவதை விட்டுவிட்டேன். அது அப்பாவுக்குத் துரோகமா?
– குமரி மேற்குக் கடற்கரையிலிருந்து ஒரு மகள்

பதில்: துரோகம் இல்லை, மக்களே. உங்கள் ஊர்ப் பக்கம் பிள்ளைகளை இப்படித்தானே கூப்பிடுவார்கள்? நாகர்கோவிலில் இரண்டு வருஷம் வேலை பார்த்தபோது எனக்கும் ஒட்டிக்கொண்ட சொல்.

அந்த நவம்பர் 30 எனக்கு நினைவிருக்கிறது. எங்கள் பக்கம் மழையும் காற்றும்தான். உங்கள் பக்கத்தில் ஆழ்கடலுக்குப் போனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவே வழியில்லாமல் இருந்தது. அப்புறம் எத்தனையோ நாள் பெண்கள் கடற்கரையில் அவரவர் ஆளின் போட்டோவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பத்திரிகையில் பார்த்தோம். அந்தப் படத்தில் ஒரு பக்கத்தில் நீயும் இருந்திருப்பாய்.

நான் சி.எஸ்.ஐ., தென்னிந்தியத் திருச்சபை. எங்கள் பக்கம் ஈஸ்டர் விடியற்காலையில்தான் கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். என் வீட்டுக்காரர் அங்கே எந்த வரிசையில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். புல் செதுக்கலாம், சுண்ணாம்பு அடிக்கலாம், அடித்தது வெள்ளையாக இல்லை என்று கூலி ஆளிடம் சத்தம் போடலாம். துக்கத்துக்குக் கையில் ஒரு வேலை கிடைக்கிறது. உனக்கும் உன் அம்மாவுக்கும் அந்த வேலைகூட இல்லை. இது சின்ன இழப்பு அல்ல. யாராவது ‘ஆத்துமாதானே முக்கியம்’ என்று சொன்னால் காதில் வாங்காதே.

வேதத்திலே கல்லறை இல்லாத பெரிய மனிதர் ஒருவர் இருக்கிறார். மோசே. மோவாப் தேசத்துப் பள்ளத்தாக்கில் அவரை அடக்கம் பண்ணினது கர்த்தரே என்று எழுதியிருக்கிறது, இடம் மட்டும் இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. உங்கள் அப்பாவைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான். இடம் தெரிந்த ஒருவர் இருக்கிறார்.

வெளிப்படுத்தின விசேஷத்தை, நீங்கள் திருவெளிப்பாடு என்பீர்கள், எடுத்து 20ஆம் அதிகாரம் 13ஆம் வசனம் பார். கடைசி நாளில் பாதாளத்துக்கும் முன்னாலே சமுத்திரத்தின் பெயர் வருகிறது. தன்னிடம் இருக்கிற இறந்தவர்களை அது ஒப்படைக்கிறது. முதலாவது கடலிடம்தான் கணக்கு கேட்கிறார்கள். அதற்கு அடுத்த அதிகாரத்தில், புது வானமும் புது பூமியும் வரும்போது கடலே இல்லாமல் போகிறது. சின்ன வயதில் இதைப் படித்து, பாவம் கடல் என்ன செய்தது என்று நினைத்திருக்கிறேன். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அப்படி நினைக்கவில்லை. ஆனாலும் உங்கள் ஊர் ஆட்களைக் கடலில்லாத ஒரு மோட்சத்தில் என்னால் கற்பனை பண்ண முடியவில்லை. ஆளை முழுங்காத கடலாக ஒன்று வைத்திருப்பார் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். இது வேதத்தில் இல்லை, என் சொந்தச் சரக்கு.

அம்மாவை அவசரப்படுத்தாதே. பூசைக்குப் பெயர் கொடுத்தால் தானே தன் கையால் அவரை அடக்கம் பண்ணியதுபோல ஆகிவிடும் என்று அவருக்குப் பயம் இருக்கலாம். நீ உன் பங்குச்சாமியாரிடம் தனியாகப் பேசு. இறந்தவர்களுக்கான பூசை என்றில்லாமல், கடலுக்குப் போய்க் கரை சேராதவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரு செபம் வைக்க முடியுமா என்று கேள். அதில் அம்மா வந்து நிற்கலாம், எதையும் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. மெழுகுதிரியை அப்பா போட்டை இறக்கும் மணலில் கொளுத்து. காற்றில் நிற்காது, தெரியும். இரண்டு கையாலும் பொத்திக்கொள், அம்மாவையும் பொத்தச் சொல்.

*

கேள்வி: இடுப்பு முறிந்து இரண்டு வருஷமாகப் படுக்கை. 41 வருஷம் ஞாயிறு பள்ளி நடத்தியவன். இப்போது மருமகள் தண்ணீர் தந்தால்தான் உண்டு. இப்படிக் கிடப்பவனால் கர்த்தருக்கு என்ன பிரயோசனம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், வள்ளியூர்

பதில்: அண்ணாச்சி, உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே டோனாவூர் இருக்கிறது. அங்கே பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போய், இருட்டில், தோண்டி வைத்திருந்த குழியில் விழுந்தார். கால் முறிந்தது. சீக்கிரம் எழுந்துவிடுவோம் என்றுதான் நினைத்தார். 1951 ஜனவரி 18இல் கண்ணை மூடும்வரை, பத்தொன்பது வருஷத்துக்கு மேல், பெரும்பாலும் அந்த ஒரு அறைதான். அங்கிருந்தே புத்தகம் புத்தகமாக எழுதினார். தன் கல்லறைக்குக் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதனால் பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, ‘அம்மா’ என்று மட்டும் எழுதினார்கள்.

இதை எல்லாரும் சொல்வார்கள். சொல்லிவிட்டு, ‘ஆகவே நீங்களும்’ என்பார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். நாமெல்லாம் ஏமி அம்மா அல்ல, நமக்கு எழுத ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். படுக்கையில் கிடப்பது அசிங்கமான வேலை, அது எனக்குத் தெரியும். சோப்பு போட்டுத் துடைக்கும்போது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும் முகங்களை எத்தனை பார்த்திருக்கிறேன்!

என் வீட்டுக்காரருக்குப் பேச்சு வரவில்லை என்று சொன்னேன். என் பெயரைச் சொல்ல வராது, தண்ணீர் என்று சொல்ல வராது. மூன்றாவது மாதம் ஒரு காலை நான் அடுப்படியில் பாமாலைப் பாட்டு ஒன்றை முணுமுணுத்தேன், மறு அடியை உள்ளிருந்து அவர் பாடினார், வார்த்தையோடு! கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். பேச்சுக்கும் பாட்டுக்கும் மூளையில் வழி வேறு, பேச்சு அடைபட்டவர்கள் சிலர் பாடுவார்கள் என்று டாக்டர் பிறகு சொன்னார். நர்ஸான எனக்கே அது தெரியாமல் இருந்தது. நாலு வருஷம் அப்படித்தான் ஓடியது. பேச முடியாது, பாடுவார். கர்த்தருக்கு அதனால் என்ன பிரயோசனமோ, எனக்குப் பெரிய பிரயோசனமாக இருந்தது. காலையில் உலை வைக்கும்போது உள்ளே ஒரு குரல் இருந்தது.

மருமகள் தண்ணீர் கொண்டுவரும்போது நன்றி என்று சொல்லி முடித்துவிடாமல், இன்றைக்கு என்ன சமையல் என்று கேளுங்கள். பேரப்பிள்ளையிடம் பதினாறாம் வாய்ப்பாடு கேளுங்கள். 41 வருஷ வாத்தியாருக்கு அதுவா சொல்லிக்கொடுக்க வேண்டும்?

*

கேள்வி: ‘ஏழு மாதம் ஜெபிக்கவில்லை’ என்று அச்சில் போடலாமா? பலவீனமானவர்களுக்கு இடறல் அல்லவா? எப்படித் திரும்ப ஆரம்பித்தீர்கள் என்றாவது எழுதியிருக்க வேண்டாமா? பொறுப்பில்லாத எழுத்து.
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மெஞ்ஞானபுரம்

பதில்: ஐயா, திட்டில் பாதி நியாயம். மற்றப் பாதிக்கு 88ஆம் சங்கீதம் இருக்கிறது. ராத்திரியும் பகலும் கூப்பிட்டேன், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று போகிறது. மற்ற புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் கடைசியில் ஒரு ‘ஆனாலும்’ வரும். இதில் அதுவும் இல்லை. சிநேகிதரும் தெரிந்தவர்களும் விலகிப்போனார்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. இடறல் என்று யாரும் அதை வெட்டவில்லை, பாடவே கொடுத்திருக்கிறார்கள்.

நியாயமான பாதிக்கு வருகிறேன். எப்படி ஆரம்பித்தேன் என்று எழுதியிருக்க வேண்டும்தான்.

அவர் போனது 2012 ஆகஸ்டில். அதற்குப் பிறகும் கோயிலுக்குப் போனேன், பழக்கம். பரமண்டல ஜெபத்தில் ‘உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக’ என்ற இடத்தில் ‘சித்தம்’ என்ற சொல் வந்ததும் வாய் மூடிக்கொள்ளும், அப்புறம் திறக்காது. எங்கள் ஐயரம்மா, போதகரின் மனைவி, அதைப் பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு முதல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், அந்த இடத்தில் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். என் பங்கையும் சேர்த்துச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. இருந்தும் நான் சேர்ந்து சொல்லவில்லை.

பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்தியிருந்தேன். மார்ச் மாதம், ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில், சபைக்குக் கொடுக்கும் கைப்பிடி அரிசி வாங்க, ஐயருக்கு உதவியான உபதேசியார் வீட்டுக்கே வந்துவிட்டார். ‘நான் எடுத்து வைக்கிறதில்லை, நிறுத்திட்டேன்’ என்றேன். அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன். அவர் சும்மா நிற்கிறாரே என்று அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்த தகர டின்னை இழுத்தேன். வரவில்லை, அவ்வளவு கனம். ஒன்பது வயதில் என் அம்மா பழக்கியது. உலைக்கு அரிசி அளந்ததும் ஒரு பிடி அள்ளி டின்னில் போட வேண்டும். ஏழு மாதமும் கை தன்பாட்டுக்குப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. உபதேசியார் எட்டிப் பார்த்துவிட்டு, ‘என்னம்மா, வண்டு விழுந்து கெடக்கு’ என்றார். ‘நாளைக்கு வாங்க, புடைச்சுத் தாரேன்’ என்றேன்.

சாயங்காலம் முற்றத்தில் சுளகை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எட்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பாதி புடைக்கும்போது அழுகை வந்தது, அழுகையோடு கோபம் வந்தது, கர்த்தரோடு சண்டையை ஆரம்பித்தேன். விளக்கு வைக்கிற நேரம்வரை போட்டேன். ஏழு மாதத்துக்குப் பிறகு நான் பண்ணின முதல் ஜெபம் அதுதான். அச்சில் போடுகிற மாதிரியான வார்த்தைகள் அல்ல, ஐயா. அதனால்தான் போன இதழில் விட்டுவிட்டேன்.